பத்திரத்துக்கு ஏழு டொலர், கைக்கு மூன்று டொலர்: கென்டக்கிப் புகையிலைக் கோட்டாவின் கதை

வாஷிங்டனில் இயங்கும் என்வைரன்மென்டல் வேர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 2001 முதல் ஒரு தரவுத்தளத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. அமெரிக்க மத்திய அரசு விவசாயத்துக்கென்று எந்தக் கவுண்டியில், எந்தப் பயிருக்கு, ஆருக்கு, எவ்வளவு காசு கொடுத்தது என்று அதில் தேடிப் பார்க்கலாம். கவுண்டி என்றால் எங்கள் மாவட்டத்தைவிடச் சின்னதான ஒரு நிர்வாக அலகு. கென்டக்கி மாநிலத்தில் மட்டும் 120 கவுண்டிகள். அதில் ஏதாவது ஒரு கிராமப்புறக் கவுண்டியைத் திறந்தால் சோளம், சோயா, கோதுமை என்ற வரிசையில் புகையிலைக்கும் ஒரு வரி இருக்கும்.

அந்த வரியைப் பார்க்கிற எவருக்கும் முதலில் வருவது கோபம்தான். சிகரெட் பெட்டியில் 'உடலுக்குக் கேடு' என்று அச்சடிக்க வைத்த அதே அரசு, புகையிலை நட்டவருக்குச் செக்கும் எழுதிக் கொடுக்கிறதா? இது என்ன நியாயம்?

கோபம் பிழையில்லை. ஆனால் அந்தக் காசுக்குப் பின்னால் ஏறத்தாழ நூறு வருஷக் கதை ஒன்று இருக்கிறது. 'புகையிலை மானியம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போனால் அந்தக் கதையில் முக்கியமான ஒரு கேள்வி காணாமல் போய்விடும். ஒரு பயிரை அரசு கைவிடும்போது, அந்தப் பயிருக்கான நட்டஈடு ஆருடைய கைக்குப் போகிறது? நிலத்தில் குனிந்து நின்றவருக்கா, பத்திரத்தில் பேர் இருந்தவருக்கா? இந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறோம்.

ஒரே ஒரு வாங்குநர்

1880களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பொன்சாக் என்ற இளைஞர் சிகரெட் சுற்றும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். வட கரோலினாவைச் சேர்ந்த ஜேம்ஸ் டியூக் அதைத் தன் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். 1890இல் போட்டிக் கொம்பனிகளையும் சேர்த்து அமெரிக்கன் டொபாக்கோ கொம்பனியை உருவாக்கினார். அதன் பிறகு கமக்காரர் நிலைமை என்ன ஆனது எண்டால், இலையைச் சந்தைக்குக் கொண்டுபோனால் அங்கே வாங்குவதற்கு உண்மையில் ஒரே ஆள்தான். அவர் சொன்னதுதான் விலை.

கென்டக்கியின் ஹென்றி கவுண்டியைச் சேர்ந்த எழுத்தாளர் வென்டல் பெரி தன் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். 2012இல் வாஷிங்டனில் ஆற்றிய ஜெஃபர்சன் நினைவுரையிலும் அதைச் சொன்னார். 1907இல் அவருடைய பாட்டனார் ஒரு வருஷ உழைப்பை லூயிவில் நகரச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். வண்டிக்கூலியும் விற்பனைத் தரகும் கழித்துப் பார்த்தால் கையில் மிஞ்சியது ஒன்றுமே இல்லை என்கிற அளவுதான். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பொடியன்தான் பெரியின் தகப்பன், ஜோன் பெரி. இந்தப் பொடியன் இந்தக் கதைக்குள் மறுபடி வருவார்.

அதே வருஷங்களில் கென்டக்கியின் மேற்குப் பக்கமும் டென்னசியின் ஒரு பகுதியும் எரிந்துகொண்டிருந்தன. கடும் நிறப் புகையிலை விளைந்ததால் அந்தப் பகுதியைக் 'கறுப்புத் துண்டு' என்று அழைப்பார்கள். 1904இல் கத்ரி என்ற ஊரில் கமக்காரர் ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். கொம்பனிக்கு விற்காமல் எல்லாரும் இலையைப் பிடித்து வைத்திருந்தால் விலை ஏறும் என்பது கணக்கு. ஆனால் சங்கத்தில் சேராதவர்கள் கொம்பனிக்கு விற்றார்கள், அவர்களுக்குக் கொம்பனி நல்ல விலையும் கொடுத்தது. அப்போதுதான் முகமூடி போட்ட 'இரவுச் சவாரிக்காரர்' வெளிக்கிட்டார்கள். சேராதவர்களின் நாற்றுமேடைகளை அழித்தார்கள், ஆட்களை அடித்தார்கள், 1907 டிசம்பரில் ஹொப்கின்ஸ்வில் நகரத்துக்குள் புகுந்து களஞ்சியங்களைக் கொளுத்தினார்கள். கொம்பனிக்கு எதிராகத் தொடங்கிய வன்முறை அதோடு நிற்கவில்லை. சில இடங்களில் கறுப்பினக் குடும்பங்கள் ஊரைவிட்டே துரத்தப்பட்டன.

1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டியூக்கின் கொம்பனியை உடைக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஒரு கொம்பனி இருந்த இடத்தில் நாலு பெரிய கொம்பனிகள் வந்தன. 1920களில் கமக்காரர் மறுபடியும் கூட்டுறவு அமைத்துப் பார்த்தார்கள். அதுவும் சில வருஷத்தில் சரிந்தது. காரணம் பழையதுதான். சங்கத்தில் இருப்பவர் இலையைப் பிடித்து வைத்து விலையை ஏற்றுவார், வெளியில் இருப்பவர் அந்த ஏறின விலைக்குத் தன் இலையை முழுசாக விற்றுவிட்டுப் போய்விடுவார். 1931இல் இலையின் விலை இறாத்தலுக்குப் பத்துச் சதத்துக்கும் கீழே விழுந்தது.

இந்த முன்கதை தெரிந்தால்தான் பிறகு வந்த அரசுத் திட்டம் விளங்கும். கமக்காரர் அப்போது கேட்டது இனாம் காசு இல்லை. எல்லாரையும் ஒரே ஒழுங்குக்குள் கட்டிவைக்கக் கூடிய ஒரு கயிறு வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அந்தக் கயிறு அரசிடம் மட்டும்தான் இருந்தது.

வேலி கட்டிய சட்டம்

ரூஸ்வெல்ட் ஆட்சி 1933இல் கொண்டுவந்த விவசாயச் சீராக்கல் சட்டம் புகையிலையையும் அடிப்படைப் பயிர்களில் ஒன்றாகச் சேர்த்தது. குறைவாக நடுபவருக்குக் கொடுப்பனவு கொடுக்கப்பட்டது. 1936இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 1938இல் வேறு வடிவத்தில் சட்டம் மறுபடி வந்தது. அடுத்த 66 வருஷம் புகையிலைக் கிராமங்களின் வாழ்க்கையை நடத்தியது இந்த 1938ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

அது வேலை செய்த விதம் இதுதான். அடுத்த வருஷத்துக்கு எவ்வளவு இலை தேவைப்படும் என்று விவசாயத் திணைக்களம் கணிக்கும். அந்தத் தொகையை மாநிலம், கவுண்டி, பண்ணை என்று பிரித்துக்கொண்டு வரும். ஒரு பண்ணையில் முன்பு எவ்வளவு புகையிலை விளைந்தது என்பதை வைத்து அதற்குரிய பங்கு தீர்மானிக்கப்படும். அந்தப் பங்குதான் கோட்டா. கோட்டாவுக்கு மேல் விற்றால் தண்டம். ஆனால் இதை அரசு தன்பாட்டில் திணிக்க முடியாது. கமக்காரரே வாக்களிக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றால்தான் கோட்டா நடைமுறைக்கு வரும்.

இந்த வாக்கெடுப்பு வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். வட கரோலினா முதலான மாநிலங்களில் சூட்டில் பதமாக்கும் இலையைப் பயிரிட்டவர்கள் 1939ஆம் ஆண்டுக்குக் கோட்டா வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அந்த வருஷம் எல்லாரும் நட்டுத் தள்ளினார்கள், விளைச்சல் மலைபோலக் குவிந்தது. செப்டெம்பரில் உலகப் போர் தொடங்கியது. பெரிய வாங்குநர்களான பிரித்தானியக் கொம்பனிகள் சந்தையை விட்டு விலகின. ஏலச் சந்தைகளையே மூட வேண்டி வந்தது. சில வாரங்களில் நடந்த அடுத்த வாக்கெடுப்பில் அதே கமக்காரர் கோட்டாவுக்கு ஆம் என்றார்கள்.

கோட்டாவுக்குக் கைமாறாக உத்தரவாத விலை கிடைத்தது. எங்கள் நெல்லுக்கு உத்தரவாத விலை எண்டால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏலத்தில் எந்தக் கொம்பனியும் அந்த விலைக்கு மேலே கேட்கவில்லை எண்டால், கமக்காரரின் கூட்டுறவே அரச கடனில் அந்த இலையை வாங்கிக் களஞ்சியப்படுத்தும். சந்தை தேறும்போது விற்றுக் கடனைக் கட்டும். கென்டக்கியில் முக்கியமாக விளைந்தது பேர்லி, சிகரெட்டில் கலக்கிற இலை. அந்த இலைக்கான கூட்டுறவு லெக்சிங்டன் நகரத்தில் இருந்தது. அதன் திட்டத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர், பின்னர் நீண்ட காலம் அதன் தலைவராக இருந்தவர் ஒரு சட்டத்தரணி. பேர் ஜோன் பெரி. 1907இல் தகப்பன் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்த அதே பொடியன்.

ஆக, 1930களின் தொடக்கக் கொடுப்பனவுகளைத் தள்ளி வைத்தால், இந்தத் திட்டத்தின் மையம் செக் எழுதுவது இல்லை. உற்பத்தியைச் சுற்றி ஒரு வேலி கட்டுவதுதான். வேலிக்குள்ளே விலை நின்றது.

அந்த விலைதான் சின்னக் கமங்களைக் காப்பாற்றியது. ஒரு ஏக்கருக்கும் குறைவான கோட்டா வைத்திருந்த குடும்பங்கள் கென்டக்கியில் ஏராளம். புகையிலையை அங்கே 'பதின்மூன்று மாதப் பயிர்' என்று சொல்வார்கள். போன வருஷ இலையை விற்று முடிக்க முதலே அடுத்த வருஷ நாற்றுமேடை தயாராக வேண்டும். நாற்று நடுவது, நுனி கிள்ளுவது, பக்கக் குருத்து உடைப்பது, வெட்டித் தடியில் குத்திக் கொட்டிலில் தூக்குவது, குளிர்காலத்தில் இலை உரிப்பது என்று எல்லாமே கைவேலை. கிறிஸ்மஸுக்கு முன்பு இலை ஏலத்துக்குப் போகும். வங்கிக் கடன், பிள்ளைகளின் சப்பாத்து, கடைக் கணக்கு எல்லாம் அந்தக் காசில்தான் தீரும். 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட பண்ணைகளில் புகையிலை விளைந்தது.

ரூட் பேர்மிட் மாதிரி

ஆனால் வேலிக்குள்ளே நிற்கும் உரிமை ஆருக்கு?

சட்டம் கோட்டாவை நிலத்தோடு சேர்த்துக் கட்டியது. நிலத்தை விற்றால் கோட்டாவும் போகும், நிலம் பிள்ளைக்குப் போனால் கோட்டாவும் போகும். இதன் கருத்து, 1930களில் ஆருக்கு நிலம் இருந்ததோ அவருக்குத்தான் உரிமை. அதே நிலத்தில் வாரத்துக்குச் செய்தவர், பாதி விளைச்சலைக் கொடுத்துவிட்டு மீதியில் சீவித்தவர், அவருடைய பேரில் ஒன்றும் பதியப்படவில்லை. தெற்கு மாநிலங்களில் வாரக்குடிகளில் பெருந்தொகையானோர் கறுப்பின மக்கள். கோட்டாவையும் கொடுப்பனவையும் கவுண்டி மட்டத்தில் கையாண்ட குழுக்களிலோ வெள்ளை நில உடைமையாளர்களின் கைதான் ஓங்கியிருந்தது.

காலம் போகப் போக இன்னொரு மாற்றமும் நடந்தது. 1960களில் கோட்டாவை நிலத்தில் இருந்து பிரித்து, அதே கவுண்டிக்குள் இன்னொருவருக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்று விதிகள் தளர்ந்தன. 1971இல் பேர்லிக் கோட்டாவை ஏக்கரில் அளக்காமல் இறாத்தலில் அளக்கத் தொடங்கினார்கள். இப்போது கோட்டா என்பது கையில் பிடிக்க முடியாத, ஆனால் காசு பெறுமதியான ஒரு பொருள்.

எங்கட ஊர் தனியார் பஸ் ரூட் பேர்மிட்டை நினைத்துப் பாருங்கோ. பேர்மிட் ஒருவருடைய பேரில் இருக்கும். பஸ் இன்னொருவருடையது. ஓட்டுவது மூன்றாவது ஆள். பேர்மிட் வைத்திருப்பவர் வீட்டில் இருந்தே மாசா மாசம் வாடகை வாங்கலாம். எண்ணிக்கையை மட்டுப்படுத்திக் கொடுக்கிற எந்த அனுமதியும் கடைசியில் இப்படித்தான் ஒரு சொத்தாக மாறும். புகையிலைக் கோட்டாவும் அப்படியே ஆனது. கமம் செய்தவர் செத்துப் போக, பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, கோட்டா மட்டும் அவர்கள் பேரில் இருந்தது. வயசான விதவைகளுக்கு அது ஒரு பென்ஷன் மாதிரி உதவியது என்பதும் உண்மைதான். உண்மையில் இலை வளர்த்தவரோ நாலைந்து பேரிடம் கோட்டாவைக் குத்தகைக்கு எடுத்து, விற்ற விலையில் கணிசமான பங்கை அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலி காப்பாற்ற வந்த ஆளே வேலிக்குள் நிற்க வாடகை கட்டும் நிலை.

சாவை விற்கும் பயிர்

இதற்கிடையில் 1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரி லூதர் டெரி தன் அறிக்கையை வெளியிட்டார். புகைத்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அரசே சொன்னது. 1966இல் பெட்டிகளில் எச்சரிக்கை வந்தது. 1971இல் தொலைக்காட்சி, வானொலி விளம்பரங்கள் நின்றன. ஒரு திணைக்களம் 'புகைக்காதே' என்கிறது, இன்னொரு திணைக்களம் இலைக்கு விலை காக்கிறது. இந்த முரண்பாட்டை ஆரும் மூடி மறைக்க முடியாது.

1982இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு வழி கண்டுபிடித்தது. இனிமேல் இந்தத் திட்டத்தால் வரி கட்டுபவருக்கு நட்டம் வரக் கூடாது, கடனில் வரும் நட்டத்தை ஒவ்வொரு இறாத்தலுக்கும் கமக்காரரே கட்டணம் கட்டித் தீர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது. சில வருஷத்தில் அந்தச் சுமையில் ஒரு பங்கு வாங்குநர்கள் மேலும் வந்தது. அதனால் 1980களிலும் 90களிலும் 'அரசு புகையிலைக்கு மானியம் கொடுக்கிறது' என்று பொதுவாகச் சொல்லப்பட்டது பாதிதான் உண்மை. நிர்வாகச் செலவு அரசுடையது, விலையைத் தாங்கிய காசு பெரும்பாலும் கமக்காரருடையது.

வென்டல் பெரி 1990களின் தொடக்கத்தில் இந்தச் சங்கடம் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். புகையிலை கொல்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் சின்னக் கமக்காரரை இவ்வளவு காலம் காப்பாற்றிய திட்டம் இதைப்போல வேறொன்று இல்லை என்பதையும் விடவில்லை. பயிர் கெட்டது, ஒழுங்கு நல்லது. இதை எப்படி ஒரே வாயால் சொல்வது? எங்களுக்கும் இதற்கு லேசான பதில் இல்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு யோசிக்காத எவரும் இந்தக் கதையில் நியாயமான முடிவுக்கு வர முடியாது என்று நினைக்கிறோம்.

1998 நவம்பரில் 46 மாநிலங்கள் சிகரெட் கொம்பனிகளோடு வழக்குத் தீர்வு செய்துகொண்டன. 25 வருஷத்தில் 206 பில்லியன் டொலர். கொம்பனிகள் சிகரெட் விலையை ஏற்றின. பிரேசில், மலாவி முதலான நாடுகளின் இலை மலிவாகக் கிடைத்தது. அமெரிக்க இலையின் தேவை விழுந்தது, கோட்டாவும் சில வருஷத்துக்குள் ஏறத்தாழ பாதியாக வெட்டப்பட்டது. அரசின் திறைசேரியில் இருந்து புகையிலைக் கமக்காரருக்கு நட்ட உதவிச் செக்குகள் வரத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான், 2000ஆம் ஆண்டளவில். திட்டம் நல்லாக இருந்த காலத்தில் செக் இல்லை, சாகக் கிடக்கும்போதுதான் செக் வந்தது.

அதே நேரம் பெரிய கொம்பனிகள் ஏலச் சந்தையை விட்டு, கமக்காரரோடு நேரடி ஒப்பந்தம் போடத் தொடங்கின. ஏலம் நடந்த களஞ்சியங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டின.

ஏழும் மூன்றும்

2004 ஒக்டோபர் 22 அன்று ஜோர்ஜ் புஷ் கையெழுத்திட்ட ஒரு பெரிய வரிச் சட்டத்துக்குள் ஒரு பகுதியாகப் புகையிலைத் திட்டத்தின் முடிவும் இருந்தது. கோட்டா இல்லை, உத்தரவாத விலை இல்லை. இனி ஆரும் எவ்வளவும் நடலாம். கைமாறாகப் பத்து வருஷத்துக்கு, 2005 முதல் 2014 வரை, வருடாந்தக் கொடுப்பனவு. மொத்தம் ஏறத்தாழ 9.6 பில்லியன் டொலர். இந்தக் காசு சிகரெட் உற்பத்தியாளர்களிடமும் இறக்குமதியாளர்களிடமும் அறவிடப்பட்டது, செக் எழுதியது அரசு.

சரி, காசு ஆருக்குப் போனது?

கோட்டாவின் உரிமையாளருக்கு இறாத்தலுக்கு 7 டொலர். உண்மையில் பயிர் செய்தவருக்கு இறாத்தலுக்கு 3 டொலர். சொந்தக் கோட்டாவில் சொந்தமாகச் செய்தவருக்கு இரண்டும் சேர்த்து 10.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேர்லி ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 2,000 இறாத்தல் விளையும். அந்த 2,000 இறாத்தல் கோட்டா ஒருவர் பேரில் இருக்கிறது, அவர் நகரத்தில் வேறு வேலை செய்கிறார். அவருக்கு 14,000 டொலர். அதைக் குத்தகைக்கு எடுத்து நட்டு, வெட்டி, தூக்கி, உரித்து விற்றவருக்கு 6,000 டொலர். பத்து வருஷத்துக்குப் பிரித்தால் வருஷம் 600 டொலர். அதை வைத்து அவர் வேறு பயிருக்கு மாற வேண்டும்.

நாடு முழுவதும் கோட்டா உரிமையாளர்களாகக் கணக்கிடப்பட்டவர்கள் 4 இலட்சத்துக்கு மேல். 2002ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பில் புகையிலை விளைந்த பண்ணைகளோ 57,000 மட்டில்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது. தரவுத்தளத்தில் 'புகையிலை' என்ற வரியில் வரும் பேர்களில் பலர் கடைசியாக எப்போது ஒரு புகையிலைக் கன்றைத் தொட்டார்கள் என்று கேட்டால், சிலருக்குப் பதில் 'எப்போதுமே இல்லை'.

சட்டத்தின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. கோட்டாவுக்குச் சந்தையில் பெறுமதி இருந்தது. பலர் அதைக் காசு கொடுத்து நிலத்தோடு வாங்கியிருந்தார்கள், அதை வைத்து வங்கியில் கடன் எடுத்திருந்தார்கள். ஒரு நாள் காலையில் அதைப் பெறுமதி இல்லாததாக்கினால் அதுவும் பறிப்புத்தான். ஆனால் அரசு தானே அச்சடித்துக் கொடுத்த ஒரு அனுமதியை, கடைசியில் தானே சொத்தென்று ஏற்று விலை கொடுத்து வாங்குகிறது என்பதைக் கவனியுங்கள். சொத்துக்கு அளவுகோல் இருந்தது. உழைப்புக்கு அந்த அளவுகோல் இல்லை.

பிறகு என்ன நடந்தது? பேர்லி விலை ஒரே வருஷத்தில் இறாத்தலுக்கு 2 டொலரில் இருந்து ஒன்றரை டொலர் பக்கம் இறங்கியது. கென்டக்கியில் 2002இல் 29,000 புகையிலைப் பண்ணைகள். 2007இல் 8,000. 2017இல் 2,600 அளவில். மிஞ்சிய பண்ணைகள் பெரிதாகின. சின்னக் கமக்காரருக்கு இடம் போனது. சிகரெட் கொம்பனிகள் தங்கள் இலையை ஒப்பந்தத்தில் வாங்கிக்கொண்டே இருந்தன. ஜேம்ஸ் டியூக் காலத்து 'ஒரே ஒரு வாங்குநர்' வேறொரு உடுப்பில் திரும்பி வந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

பட்டியலில் பேர் இல்லாதவர்கள்

ஏழுக்கும் மூன்றுக்கும் வெளியே நின்றவர்களும் இருக்கிறார்கள்.

1920இல் அமெரிக்காவில் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பினக் கமக்காரர் இருந்தார்கள். 1997இல் 20,000க்கும் குறைவு. விவசாயத் திணைக்களம் கடன் வழங்கலில் இனப் பாகுபாடு காட்டியது என்று தொடரப்பட்ட 'பிக்ஃபோர்ட் எதிர் கிளிக்மன்' வழக்கு 1999இல் இணக்கத் தீர்வுக்கு வந்தது, 1 பில்லியன் டொலருக்கு மேல் நட்டஈடு கொடுக்கப்பட்டது. நிலம் போனபோதே கோட்டாவும் போய்விட்டது என்பதை இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும். 2004இல் இறாத்தலுக்கு ஏழு டொலர் வந்தபோது, அதைக் கேட்க வேண்டிய பல குடும்பங்கள் எப்போதோ பட்டியலில் இருந்து அழிந்துவிட்டன.

வயலில் இலை வெட்டிய கூலியாட்கள், பெரும்பாலும் மெக்சிக்கோவிலும் மத்திய அமெரிக்காவிலும் இருந்து வந்தவர்கள், எந்தப் பட்டியலிலும் இல்லை. ஈரமான பச்சை இலையில் இருந்து நிக்கொட்டின் தோலுக்குள் இறங்கித் தலைசுற்றும், சத்தி வரும். 'பச்சைப் புகையிலை நோய்' என்று அதற்குப் பேரும் இருக்கிறது. 2014இல் ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் வெளியிட்ட அறிக்கைக்காக நாலு மாநிலங்களில் 7 முதல் 17 வயதுக்குட்பட்ட 141 பிள்ளைத் தொழிலாளர்களோடு பேசியிருந்தார்கள். கோட்டா உரிமையாளரின் கடைசிச் செக் வந்ததும் அதே 2014இல்தான்.

ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1998 வழக்குத் தீர்வில் கிடைத்த காசில் பாதியை விவசாயத்தை மாற்றுவதற்கென்றே ஒதுக்கக் கென்டக்கி 2000இல் சட்டம் இயற்றியது. கவுண்டிக்கு ஒரு சபை அமைத்து மாடு, ஆடு, மரக்கறி, பழம், வேலி, களஞ்சியம் என்று செலவழித்தார்கள். ஹென்றி கவுண்டியில் ஜோன் பெரியின் பேத்தி 2011இல் தொடங்கிய மையம் ஒன்று, பழைய புகையிலைக் கூட்டுறவின் ஒழுங்கை முன்மாதிரியாக வைத்து உள்ளூர்க் கமக்காரருக்கு மாட்டிறைச்சிக்கு நியாய விலை கிடைக்கச் செய்கிறது. பயிரை விட்டுவிட்டு ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அது ஒரு சின்ன உதாரணம்.

இங்கே எங்கள் பக்கம்

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் புகையிலை என்றால் என்ன என்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. இலங்கையில் 2020க்குள் புகையிலைச் செய்கையை நிறுத்தப் போவதாக மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்தபோது அறிவித்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த இலக்கு எட்டப்படவில்லை, ஆனால் பேச்சு முடிந்துவிடவும் இல்லை. இன்றைக்கில்லாவிட்டாலும் ஒரு நாள் அது வரும். வர வேண்டும் என்றுதான் நாங்களும் நினைக்கிறோம், புகையிலையால் வாயிலும் தொண்டையிலும் வந்த புற்றுநோயைக் காணாத ஊர் எங்களிடம் குறைவு.

ஆனால் அந்த நாள் வரும்போது நட்டஈட்டுப் பட்டியல் ஒன்று தயாராகும். பிரதேச செயலகத்தில் படிவம் கொடுப்பார்கள். முதல் கேள்வி 'காணி ஆருடைய பேரில்?' என்றுதான் இருக்கும். உறுதி கொழும்பிலோ கனடாவிலோ இருக்கும் ஒருவருடைய பேரில் இருக்கலாம். குத்தகைக்கு எடுத்துத் தண்ணி இறைத்துக் கன்று வளர்த்தவரிடம் வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தைத் தவிர ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது. கூலிக்கு இலை முறித்த அக்காமாரின் பேர் எந்தக் கொப்பியிலும் இருக்காது.

அமெரிக்கா இதைப் பத்து வருஷம் எடுத்து, 9.6 பில்லியன் டொலர் செலவழித்துச் செய்து பார்த்தது. பணக்கார நாடு, கவனமான கணக்கு, பிந்தாத செக். அப்படியிருந்தும் ஏழு ஒரு பக்கம், மூன்று ஒரு பக்கம், வயலில் நின்ற பிள்ளைக்குச் சைபர். படிவத்தில் 'காணி ஆருடைய பேரில்?' என்பதற்கு மேலே 'இந்தக் காணியில் போன மூன்று வருஷமும் ஆர் வேலை செய்தது?' என்றொரு வரி சேர்க்க வேண்டும். அதை இப்போதே கேட்கத் தொடங்குவோம். படிவம் அச்சடித்து வந்த பிறகு கேட்டால் பிந்திவிடும்.